பாட்டு இட்ட பெயரும் பாவலர் இட்ட பெயரும்

குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் என்று சுவடிகள் கூறுகின்றன. இது பெற்றோர் இட்ட பெயராக இருந்திருக்க இயலாது. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் அந்நிலத்தோடு கலந்து ஒரு நிறமாவது போலக் காதலர் இருவர் நெஞ்சமும் கலந்தன என்று சொன்ன உவமையே அப்புலவருக்குப் பெயராயிற்று. அவர் பிறந்த ஊர், குடி, தொழில் ஆகிய யாவும் மறைந்தன. உவமை மட்டும் எஞ்சி நின்று, தன்னைப் பாடியவரை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தாங்கி வருகிறது.

சங்கப் புலவர் பெயர்களுள் மிகுதியானவை இத்தகையன அல்ல. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயரில் ஊர் இருக்கிறது, துணி விற்றல் என்னும் தொழில் இருக்கிறது, இயற்பெயரும் இருக்கிறது. மதுரைக் கணக்காயனார், மருத்துவன் தாமோதரனார், கூடலூர் கிழார் என்பனவும் அவ்வகையின. ஓலை கொண்டுசெல்வான் ஒருவன் இப்பெயரை வைத்துக்கொண்டே வீடு தேடிச் சென்றுவிடலாம். இத்தகைய முகவரி ஏதுமற்ற பாடல்கள் தொகுத்தோர் கைக்கு வந்தபோது, பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, அதனோடு 'ஆர்' விகுதி சேர்த்துப் புலவருக்குப் பெயராக்கினர் என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்தாகும். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனும் வரிசை நீண்டு செல்கிறது. 1937இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைக் கையிலெடுத்துப் புலவர் பெயர்களை மட்டும் படித்துச் சென்றாலும், அதுவே ஒரு சிறு கவிதைத் தொகை போலத் தோன்றும்.

இப்பெயர்கள் பெரும்பாலும் உவமையிலிருந்து பிறந்தவை என்பது நோக்குதற்குரியது. தலைவன் உடனிருக்கும்போது ஊர் விழாக் கொண்டாடுவது போலவும், அவன் பிரிந்தபோது மக்கள் விட்டு நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில்கள் ஓடியாடுவது போலவும் இருக்கிறது என்கிறாள் ஒரு தலைவி. இப்பாட்டில் விழாவும் உண்டு, அணிலும் உண்டு. பெயரிட்டவர் விழாவை விட்டு அணிலை எடுத்துக்கொண்டார். பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டவர் செய்த தேர்வு இது. தமிழில் திறனாய்வு எப்போது தொடங்கியது என்று ஆராய்வோர் உரையாசிரியர்களோடு நின்றுவிடுகின்றனர். பாட்டுக்குள் நுழைந்து ஒரு சொற்றொடரைத் தேர்ந்து, 'இதைச் சொன்னவர்' என்று புலவரைச் சுட்டிய அத்தொகுப்பாளரைத் தமிழின் முதல் திறனாய்வாளர் எனலாம்.

மற்றொரு சான்றும் இதற்கு உண்டு. குறுந்தொகை 54ஆம் பாட்டில், காட்டு யானை வளைத்துப் பின் கைவிட்ட மூங்கில், மீனைக் கவ்விய தூண்டிற்கோல் போல மேலே எழுகிறது. 74ஆம் பாட்டில், மூங்கில் கட்டவிழ்த்து விட்ட குதிரை போலத் துள்ளி வானைத் தொடுகிறது. இருவரும் கண்டது ஒரே காட்சி. நிமிர்ந்தெழும் ஒரு மூங்கில். ஒருவருக்கு அது தூண்டிலாகத் தெரிந்தது. மற்றவருக்குக் குதிரையாகத் தெரிந்தது. அவரவர் கண்ட காட்சியே அவரவர் பெயராக நிலைத்தது.

குப்பைக் கோழியார் என்னும் பெயரைக் கேட்டு நகைப்போர் உண்டு. குப்பைமேட்டில் தாமே சண்டையிடும் கோழிகளை ஏவிவிடுவாரும் இல்லை, விலக்கிவிடுவாரும் இல்லை. என் காமநோயும் அப்படித்தான், தானே தீர்ந்தால் உண்டு என்கிறது அப்பாட்டு. இத்தனை துயரத்தை இத்தனை எளிய பொருளால் சொன்னவருக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் வேறொன்றைக் காண்பது அரிது. தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அத்தகையவரே. நெஞ்சம் ஒருபால் இழுக்க அறிவு மறுபால் இழுக்க, இரண்டு யானைகள் பற்றி இழுத்த தேய்ந்த கயிறாக உடல் நைவதை நற்றிணையில் அவர் பாடினார்.

அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் நெறி. பெயரற்றவர்களைப் பற்றிப் பாடியவர்களும் பெயரற்றவர்களாயினர் என்பது இயல்பான பொருத்தமே. ஆயினும் இதனால் நேர்ந்த இழப்பு ஒன்று உண்டு. 'ஆர்' என்பது உயர்வுப் பன்மை விகுதி. ஆண் பெண் என்னும் பால்வேறுபாட்டை அது காட்டுவதில்லை. அணிலாடு முன்றிலார் ஆணா பெண்ணா என்பதைப் பெயர் கொண்டு துணிய வழியில்லை. சங்கப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்னும் கணக்கு அறிஞர்க்கு அறிஞர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் இவ்வகையில் நற்பேறு பெற்றவர். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதால் வந்த சிறப்புப் பெயரோடு அவருடைய இயற்பெயரும் சேர்ந்தே காக்கப்பட்டது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவரும் அவரே.

பாட்டிலிருந்து பெயர் பெறும் இவ்வழக்கம் சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. பாம்பை விளித்துப் பாடியவர் பாம்பாட்டிச் சித்தர் ஆனார். குதம்பை என்னும் காதணி அணிந்த பெண்ணை விளித்தவர் குதம்பைச் சித்தர் ஆனார். மனத்தை அகப்பேயென்று அழைத்தவர் அகப்பேய்ச் சித்தர் ஆனார். பின்வந்தோர் அப்பெயர்களையே விதையாகக் கொண்டு கதைகளை வளர்த்தனர். பாம்பாட்டிச் சித்தர் மெய்யாகவே பாம்பு பிடித்துத் திரிந்தவர் என்னும் வரலாறு பாட்டிலிருந்து பெயருக்கும், பெயரிலிருந்து வாழ்க்கைக்கும் பின்னோக்கி எழுதப்பட்ட ஒன்றாகவே தோன்றுகிறது.

அச்சும் இதழும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பிறர் இட்ட பெயரை ஏற்றுக்கொண்ட காலம் போய், எழுதுவோர் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொள்ளும் காலம் வந்தது. பாட்டுக்குப் பின் வந்த பெயர் இப்போது பாட்டுக்கு முன்னே வந்து நின்றது. இன்ன வகை எழுத்து வரப்போகிறது என்னும் அறிவிப்பாகவும், சில வேளைகளில் நிறைவேற்ற வேண்டிய வாக்குறுதியாகவும் அது மாறிற்று.

சுப்பிரமணியம் என்னும் சிறுவனுக்குப் பாரதி என்னும் பட்டம் எட்டயபுரத்தில் பிறர் வழங்கியது. ஷெல்லிதாசன் என்பது அவரே சூட்டிக்கொண்டது. காளிதாசன், சக்திதாசன், சாவித்திரி எனப் பின்னும் பல பெயர்களை அவர் பூண்டார். ஓர் இதழின் பெரும்பகுதியை ஒருவரே எழுதவேண்டிய நிலையில், பலர் எழுதுவது போன்ற தோற்றம் தரப் பல பெயர்கள் தேவைப்பட்டன. ஆட்சியாளரின் கண்ணும் இதழ்களின் மேல் இருந்தது. பெயர் என்பது அக்காலத்தில் எத்துணைப் பளுவானது என்பதை 'இந்தியா' இதழின் வரலாறு காட்டும். அரசுப் பதிவில் அவ்விதழின் ஆசிரியராக இருந்த பெயர் எம். சீனிவாசன் என்பவருடையது, எழுத்தின் பெரும்பகுதியோ பாரதியுடையது. 1908இல் இராசத்துரோக வழக்கு வந்தபோது பெயருக்குரியவர் சிறை சென்றார். எழுத்துக்குரியவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். அதன்பின் அங்கே பத்தாண்டுகளில் பிறந்த குயில்பாட்டையும் பாஞ்சாலி சபதத்தையும் போற்றுவோர், சீனிவாசன் என்னும் பெயரை ஒருமுறையேனும் நினைத்தல் தகும்.

பாரதியின் ஷெல்லிதாசன் என்னும் பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதன் பின்பாதியாகிய 'தாசன்' தமிழ்க் கவிஞரிடையே ஒரு மரபாயிற்று. புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருந்த கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அப்பாவு கம்பதாசன் ஆனார். அரங்கசாமி வாணிதாசன் ஆனார். முத்தையா, இதழொன்றில் வேலை தேடிச் சென்றவிடத்தில், காலத்தின் வழக்கத்தையொட்டிக் கண்ணதாசன் ஆனார். பாரதிதாசனிடம் அன்புகொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று பெயர் பூண்டு, பின் அதனைச் சுரதா எனச் சுருக்கிக்கொண்டார். இதனை ஒரு கொடிவழியாகவே எழுதிப் பார்க்கலாம்: ஷெல்லிக்குத் தாசன் பாரதி, பாரதிக்குத் தாசன் சுப்புரத்தினம், சுப்புரத்தினத்துக்குத் தாசன் சுரதா. தமிழ்க் கவிதையில் குடிவழியைக் குருதியால் அன்றிப் பெயரால் அமைத்துக்கொண்ட வரிசை இது. இவ்வரிசையின் கடைசியில் நிற்கும் சுரதாவை உலகம் உவமைக் கவிஞர் என்றே அழைத்தது. செம்புலப்பெயனீராருக்குப் பெயர் தந்த அதே உவமை, அத்தனை நூற்றாண்டு கடந்து சுரதாவுக்குப் பட்டம் தந்தது.

தாசன் என்றால் அடிமை. தன்மான இயக்கத்தின் பாவலர் அடிமைப் பெயரைச் சுமக்கலாமா, அதிலும் வடசொல்லைச் சுமக்கலாமா என்னும் வினா பாரதிதாசனை நோக்கி எழுந்ததுண்டு. அவர் பெயரை மாற்றவில்லை. சாதியை உண்மையாக எதிர்த்து நின்றவர் பாரதி என்பதையே தம் பெயருக்கு நியாயமாகக் கூறினார். வடமொழிப் பெயர்களைக் களைந்தெறிந்த காலத்தில், அவ்வியக்கத்தின் பெரும்பாவலரே அதனைக் களையாமல் இருந்தமை, ஒரு பெயருக்குள் நன்றி என்பது எவ்வளவு இடம்பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டுகிறது.

பெயர்மாற்றம் என்றதும் பரிதிமாற் கலைஞரை முன்னிறுத்துவது மேடை வழக்கு. சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் பெயர்ந்த அழகைப் பாராட்டாதார் இல்லை. தனித்தமிழ்ப் பற்றால் தம் பெயரை மாற்றிக்கொண்ட முதல்வர் அவர் என்பர். உண்மை இன்னும் சுவையானது. தனிப்பாசுரத் தொகைக்கே அவர் அப்பெயரைப் பூண்டார். கல்லூரித் தமிழாசிரியராகிய தம் பெயரும் செல்வாக்கும் இடையில் நில்லாமல், பாட்டைப் பாட்டாக மட்டும் அறிஞர் எப்படி மதிப்பர் என்று காண விரும்பினார் என்பதே அவர் வரலாற்றில் சொல்லப்படும் காரணம். ஏனைய நூல்கள் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் பெயரிலேயே வந்தன. 1903இல் அவர் மறைந்தார். வேதாசலம் என்னும் பெயரை மறைமலையடிகள் எனப் பெயர்த்து அப்பெருமகனார் தனித்தமிழ் இயக்கத்தை எழுப்பியது 1916இல்தான். ஒரு கவிஞர் தம் பாட்டைத் தாமே ஐயுற்றுச் செய்த சோதனையைப் பின்வந்தோர் மொழிக்கொள்கையின் அறிக்கையாகப் படித்துவிட்டனர். அவரிடம் மொழிப்பற்று இல்லை என்பது இதன் பொருளாகாது. உயர்தனிச் செம்மொழியென்று தமிழுக்காக வாதிட்டவர் அவர். ஆனால் அந்தச் சோதனையின் துணிவு நாம் பாராட்டும் துணிவினும் அரியது. அரங்குகளில் பெயர் அறிவிக்கப்பட்ட பின்னரே பாட்டுக்குக் கைதட்டல் பிறக்கும் சூழலில், பெயரை நீக்கிவிட்டுப் பாட்டை அனுப்பிப் பார்த்தவர் அவர்.

மணிக்கொடிக் காலத்தில் புனைபெயர் விளையாட்டாகவும் வீம்பாகவும் வளர்ந்தது. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனது யாவரும் அறிந்ததே. அவரே நூல்களை மதிப்பிட ரசமட்டம் என்னும் பெயரைக் கொண்டார். சுவர் நேராக எழுகிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கும் கருவி அது. இலக்கியத்தின் 'ரசம்' எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளப்பதும் அதுவே. இரு பொருளையும் ஒருங்கே தந்த இப்பெயருக்கு இணையான திறனாய்வுப் பெயர் தமிழில் வேறில்லை. கவிதை எழுதும்போது அவர் வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்று ஓர் ஊர்ப் பெரியவரின் வேடம் பூண்டார். புதுமைக்குப் பித்தர் எனத் தம்மை அழைத்துக்கொண்டவர், பாட்டு என்று வந்ததும் பழம்பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டது எண்ணத்தக்கது. ந. பிச்சமூர்த்தியின் தொடக்ககாலக் கவிதைகள் பிக்ஷு என்னும் பெயரிலும், பின்னாளில் சுந்தர ராமசாமியின் கவிதைகள் பசுவய்யா என்னும் பெயரிலும் வந்தன. கதைக்கு ஒரு பெயர், பாட்டுக்கு ஒரு பெயர் எனப் பிரித்துக்கொண்டவர்கள், தம்முள் பாடுபவர் வேறொருவர் என்று உணர்ந்தார்கள் போலும்.

இவர்களுக்கு நடுவே பழைய மரபைப் பின்பற்றிப் பிறரால் பெயரிடப்பட்டவர் மௌனி. எஸ். மணி என்னும் இளைஞரின் கதைகளைக் கண்ட மணிக்கொடி ஆசிரியர் பி.எஸ். ராமையா அப்பெயரை வழங்கினார். குறைவாக எழுதி, பல ஆண்டுகள் எழுதாமலும் இருந்த அவருக்கு அது பின்னாளில் எப்படிப் பொருந்திற்று என்பதை நோக்கினால், அணிலாடு முன்றிலாருக்குப் பெயரிட்ட தொகுப்பாளரின் கண் ராமையாவுக்கும் இருந்தது என்று கூறத் தோன்றும். கு.ப. ராஜகோபாலன் கரிச்சான் என்னும் பறவையின் பெயரிலும் எழுதினார். அவர் மேல் பற்றுக்கொண்ட ஆர். நாராயணசாமி தம்மைக் கரிச்சான் குஞ்சு என்று அழைத்துக்கொண்டார். பாரதிதாசன் மரபில் 'தாசன்' எதைச் சொல்லிற்றோ, அதைத்தான் இங்குக் 'குஞ்சு' சொல்கிறது. ஆனால் இதில் அடிமைத்தனம் இல்லை, கூட்டின் வெப்பம் இருக்கிறது. கு.ப.ரா. 1944இல் மறைந்தார். 1978இல் 'பசித்த மானிடம்' நாவல் வெளிவந்தபோதும் அதன் ஆசிரியர் கரிச்சான் குஞ்சாகவே இருந்தார்.

ஈழத்தில் உருத்திரமூர்த்தி மஹாகவி என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார். பெயர் பெரிது, பாடியதோ சாதாரண மனிதனின் சரித்திரம். பெரியநீலாவணையைச் சேர்ந்த சின்னத்துரை, ஊரையே பெயராக்கி நீலாவணன் ஆனார். அறுவை வாணிகன் இளவேட்டனாரின் பெயர்முறை அவ்வகையில் மட்டக்களப்புக் கரையில் உயிர்த்தது.

இனிப் பெண்பெயர்கள். இங்குதான் இலக்கிய வரலாற்றாசிரியர் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். சாவித்திரி என்று கையொப்பமிட்டவர் பாரதி. சுஜாதா என்பது எஸ். ரங்கராஜனின் மனைவி பெயர். குமுதம் இதழில் ரா.கி. ரங்கராஜன் என்னும் மற்றொருவர் இருந்தமையால் அவர் அதனைப் பூண்டார். ஸ்ரீவேணுகோபாலன் என்னும் பெயரில் திருவரங்கத்தின் வரலாற்றை நாவலாக்கியவரே, புஷ்பா தங்கதுரை என்னும் பெயரில் வேறுவகைக் கதைகளை எழுதினார். மீ. ராசேந்திரனின் முன்னெழுத்துகள் சேர்ந்து மீரா ஆயின. அவர் பெண்பெயரை நாடியவரல்லர், பெயர் தானே அப்படி அமைந்தது. ஆகவே பழைய இதழ்களைப் புரட்டிப் பெண்பெயர்களைக் கணக்கெடுத்து, இத்தனை பெண்கள் எழுதினர் என்று முடிவுகட்டுவது பிழையாகும். ஆண்களுக்குப் பெண்பெயர் வசதியாகவோ, சுவையாகவோ, விற்பனைக்கு உதவியாகவோ இருந்தது. அதனை எப்போது வேண்டுமானாலும் கழற்றி வைக்க அவர்களால் இயன்றது.

பெண்கள் புனைபெயர் பூண்ட காரணங்கள் வேறு. திரிபுரசுந்தரி மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் கல்விச் செலவுக்காக எழுதியவர். லக்ஷ்மி என்னும் பெயரில் அவர் எழுதிய தொடர்கதைகளே அவரை மருத்துவராக்கின. சி.எஸ். லக்ஷ்மி அம்பை ஆன வரலாறு இன்னும் நுட்பமானது. தேவன் எழுதிய 'பார்வதியின் சங்கல்பம்' நாவலில், கணவனால் இழிவுபடுத்தப்பட்ட மனைவி அம்பை என்னும் பெயரில் எழுதத் தொடங்குகிறாள். மகாபாரதத்தில் அநீதிக்கு ஆளாகி, மறுபிறவியில் ஆணாகிப் பழிதீர்த்தவளும் அம்பையே. இவ்விரண்டையும் அவர் நினைவிற் கொண்டார். தேவன் என்பதும் மகாதேவனின் புனைபெயர். புனைபெயர் கொண்ட ஓர் ஆண் தம் கற்பனைப் பெண்ணுக்கு இட்ட புனைபெயரை, உண்மையான பெண் ஒருவர் எடுத்துக்கொண்டு, அக்கதை செல்லாத தொலைவுக்குக் கொண்டுசென்றார்.

சல்மாவின் பெயரோ மறைந்து வாழ்வதற்காகவே பிறந்தது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில், பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பின் மணமாகிச் சென்ற வீட்டிலும் எழுதக் கூடாதென்னும் தடைக்குள் வாழ்ந்த ரொக்கையா, ஒளித்து எழுதிய கவிதைகளைத் தாயின் துணையோடு வெளியே அனுப்பினார். இதழ்களில் அவை சல்மா என்னும் பெயரில் வந்தன. அவர் யாரென்பது வீட்டிலும் ஊரிலும் தெரிந்துவிடக் கூடாது என்பதே அப்பெயரின் முழுப்பயன். பாரதிதாசனுக்கும் கரிச்சான் குஞ்சுக்கும் பெயர் ஒரு குடியைத் தந்தது. சல்மாவுக்கு அது ஒரு கதவைத் தாழிட்டுத் தந்தது. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வெளியாயிற்று. 2001இல் அவர் பேரூராட்சித் தலைவரானார். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. 2025இல் மாநிலங்களவைத் தேர்தலுக்கு அவருடைய கட்சி வேட்பாளர்களை அறிவித்தபோது, பட்டியலில் இயற்பெயரை மட்டும் எழுதினால் அவர் யாரென்று நாட்டுக்கு விளங்காது என்பது அறிவித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரொக்கையா மாலிக் என்னும் பெயரை அடுத்து, 'என்கிற கவிஞர் சல்மா' என்று சேர்த்து எழுதினார்கள்.